சீரியல் செட்டும் தேர் வடமும்

ரொம்ப நாளா ஆணி புடுங்கற வேலை அதிகமா இருந்ததால இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியல. போன மாசம் தங்கச்சி கல்யாணத்துக்காக சோமனூர்ல ரெண்டு வாரம் இருந்தேன். கல்யாண வேலையில எனக்குன்னு ஒதுக்கினது ஒண்ணே ஒண்ணு. வீட்டுக்கு லைட்டு போடறது. "நீ தான் கரண்ட்டுக்குப் படிச்சவனாச்சே, அதையாவது பண்ணு கண்ணு"ன்னு அப்பா சொல்லிட்டார். படிச்சது ட்ரிபிள் ஈ, பொழப்பு பொட்டி தட்டுறதுங்கறதை அவர் இன்னும் முழுசா ஏத்துக்கல.

பெரிய விஷயமா என்னன்னு நானும் இறங்கினேன். எல்ஈடி ஸ்ட்ரிப் மூணு சுருள். வீட்டு முகப்புக்கு ஒண்ணு, வாசல் பந்தலுக்கு ஒண்ணு, பக்கத்துல இருக்கற தறிக்குடோன் கூரை விளிம்புக்கு ஒண்ணு. மூணுக்கும் தனித்தனி கன்ட்ரோலர். மூணுலயும் ஒரே டிசைன்: ஒரு செகண்ட் எரியும், ஒரு செகண்ட் அணையும். மூணும் ஒண்ணா மின்னினா தெருவே திரும்பிப் பார்க்கும்னு நெனச்சேன்.

தெரு திரும்பித்தான் பார்த்துச்சு. வீடு எரியறப்ப பந்தல் அணையுது. பந்தல் அணையறப்ப குடோன் பாதியில நிக்குது. "ஏனுங்க தம்பி, ஒயர்ல எங்கியோ லூசுங்களா?"ன்னு எதிர் வீட்டு மாமா கேட்டார். ஒயர்லாம் சரியாத்தான் இருந்துச்சு. மூணும் சிங்க் ஆகல, அவ்வளவுதான். (பாத்திரம் கழுவற சிங்க் இல்லீங்க, ஒத்திசைவு!)

சரி, மூணையும் ஒரே மெயின் சுவிட்சுல மாட்டி ஒரே நேரத்துல போட்டேன். அட, என்ன அழகு! மூணும் ஒரே மாதிரி மின்னுச்சு. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டறதுக்குள்ள மறுபடியும் ஆளுக்கொரு பக்கம் இழுக்க ஆரம்பிச்சுது.

அப்பா கொஞ்ச நேரம் பார்த்துட்டு ஒரே வரி சொன்னார். "நம்ம தறி மாதிரியே பண்ணுது பாரு."

இந்தப் பதிவு அந்த ஒரு வரிக்காகத்தான். கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன், பொறுத்துக்குங்க.

ரெண்டு தறி, ஒரு தாளம்

விசைத்தறி ஊர்ல பொறந்தவங்களுக்கு ஒரு பழக்கம் இருக்கும். தறிச் சத்தத்துல தான் தூக்கம் வரும். தறி நின்னா முழிப்பு வரும். எங்க குடோன்ல எட்டு தறி ஓடின காலத்துல, ராத்திரி படுத்துக்கிட்டு பக்கத்துப் பக்கத்துல இருக்கற ரெண்டு தறிச் சத்தத்தை மட்டும் பிரிச்சுக் கேட்பேன். கொஞ்ச நேரம் ரெண்டும் ஒண்ணா அடிக்கும். அப்புறம் ஒண்ணு லேசா முந்தும். ரெண்டு தாளமும் குழம்பும். அப்புறம் ஒண்ணு அடிக்கறதுக்கு நடுவுல இன்னொண்ணு அடிக்கும். மறுபடி மெதுவா வந்து சேர்ந்துக்கும்.

காலேஜ் போன பின்னாடி தான் இதுக்குக் காரணம் புரிஞ்சுது. நம்ம ஊர் கரண்ட் செகண்டுக்கு 50 தடவை அலையடிக்குது. அதை வெச்சுப் பார்த்தா நாலு துருவ மோட்டார் ஒண்ணு நிமிஷத்துக்கு 1500 சுத்து சுத்தணும். ஆனா தறியில இருக்கற இண்டக்‌ஷன் மோட்டார் அந்த வேகத்தை எப்பவும் தொடாது, கொஞ்சம் பின்தங்கித்தான் ஓடும். அந்தப் பின்தங்கலுக்குப் பேரு 'ஸ்லிப்'. மோட்டார் தகட்டுலயே 1440-ன்னு தான் போட்டிருக்கும். சுமை கூடினா இன்னும் கொஞ்சம் பின்தங்கும். ஒரு மோட்டார் 1440, பக்கத்து மோட்டார் 1435-ன்னு வெச்சுக்குங்க. நிமிஷத்துக்கு 140 அடி அடிக்கற தறியில அந்த வித்தியாசம் நிமிஷத்துக்கு அரை அடி. அதாவது ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை ரெண்டு தறியும் ஒண்ணா சேர்ந்து பிரியும். சின்ன வயசுல நான் கேட்டது இதைத்தான்.

ஆக ஒரே கம்பியில இருந்து கரண்ட் வாங்கறதால மட்டும் ரெண்டு பேர் ஒண்ணா ஓடிட மாட்டாங்க. என் எல்ஈடியும் அதே கதை தான். அதுக்குப் பின்னாடி வர்றேன்.

மில்லுல இந்தப் பிரச்சினை முன்னாடி வேற மாதிரி இருந்துச்சு. கோயமுத்தூர்ல ராபர்ட் ஸ்டேன்ஸ் 1888-ல மில்லு ஆரம்பிச்ச காலம் நீராவி எஞ்சின் காலம். உலகம் பூரா மில்லுகள்ல ஒரு பெரிய எஞ்சின், கூரைக்குக் கீழே நீளமா ஒரு இரும்புத் தண்டு, அதிலிருந்து ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு பெல்ட். தண்டு சுத்தினா எல்லாம் சுத்தும். தண்டு நின்னா மொத்த மில்லும் நிக்கும். ஒண்ணா ஓட வைக்கறதுக்கு மனுஷன் கண்டுபிடிச்ச ஒரு வழி இது: எல்லாரையும் ஒரே தண்டுல கட்டிப் போடு.

இன்னொரு வழியும் இருக்கு. அதை 1665-ல கிறிஸ்டியான் ஹைகன்ஸ் பார்த்தார். பெண்டுலம் கடிகாரத்தைக் கண்டுபிடிச்சவர் இவர்தான். உடம்பு சரியில்லாம படுத்திருந்தப்ப, ஒரே உத்தரத்துல தொங்கின ரெண்டு கடிகாரத்தோட பெண்டுலமும் ஒண்ணுக்கொண்ணு எதிரெதிரா, துளி பிசகாம ஆடறதைக் கவனிச்சார். கலைச்சு விட்டாலும் கொஞ்ச நேரத்துல மறுபடி அதே கணக்குல வந்து சேர்ந்துச்சு. யாரும் கட்டளை போடல. உத்தரத்தோட சின்ன அசைவு வழியா ஒண்ணோட ஆட்டம் இன்னொண்ணுக்குப் போயிருக்கு.

இதுக்கு நம்ம பக்கத்து உதாரணம் வேணும்னா அவிநாசித் தேர். ஆயிரம் பேர் ஒரே வடத்தைப் பிடிச்சு இழுக்கறாங்க. பக்கத்துல இருக்கறவன் அசந்தா அந்த இழுப்பு உங்க கைக்கு வரும். நீங்க அசந்தா உங்களையும் சேர்த்து வடம் இழுத்துட்டுப் போகும்.

தண்டு ஒரு வழி, வடம் இன்னொரு வழி. இந்த ரெண்டை மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க.

பல்பை வெச்சு பண்ணின சிங்க்

நான் லைட்டை ஒத்திசைக்க இந்தப் பாடு பட்டேன். ஆனா கரண்ட்டோட சரித்திரத்துல விஷயம் தலைகீழா நடந்திருக்கு. லைட்டை வெச்சுத்தான் மத்ததை ஒத்திசைச்சாங்க.

ஒரு ஜெனரேட்டர் பத்தாம இன்னொண்ணைப் பக்கத்துல சேர்க்கணும்னா சும்மா ஒயரை முறுக்கி மாட்டிட முடியாது. ரெண்டோட அலையும் ஒரே நேரத்துல ஏறி, ஒரே நேரத்துல இறங்கணும். இல்லேன்னா ஒண்ணை ஒண்ணு முரட்டுத்தனமா இழுத்து, கரண்ட் எகிறி, ஷாஃப்டே முறுக்கிக்கும். ஏசி ஜெனரேட்டர்களைப் பக்கவாட்டுல இணைச்சு ஓட்ட முடியும்னு கணக்குப் போட்டுச் சொன்னவங்கள்ல முக்கியமானவர் ஜான் ஹாப்கின்சன். 1880-கள்ல இங்கிலாந்துல சவுத் ஃபோர்லேண்டுங்கற இடத்துல அதைச் செஞ்சும் பார்த்தார். அந்த இடம் என்ன தெரியுமா? கலங்கரை விளக்கம்! ஆரம்பமே லைட்டுல தான்.

எங்க காலேஜ் லேப்ல இதை நாங்களும் பண்ணினோம். ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல, சுவிட்சுக்குக் குறுக்கே மூணு பல்பு. ரெண்டு பக்க அலையும் விலகி இருந்தா பல்பு எரியும், சேர்ந்திருந்தா அணையும். ஒரு பக்கம் 50, இன்னொரு பக்கம் 49.5-ன்னா ரெண்டு செகண்டுக்கு ஒரு தடவை மூணு பல்பும் ஒண்ணா மூச்சு விடற மாதிரி எரிஞ்சு அணையும். ஒண்ணு மாத்தி ஒண்ணு எரிஞ்சா ஃபேஸ் வரிசை தப்பு, சுவிட்சைத் தொடவே கூடாது. நாம மெஷின் வேகத்தைச் சரி பண்ணப் பண்ண அந்த மூச்சு நீண்டுக்கிட்டே போகும். மூணு பல்பும் முழு இருட்டுக்குப் போற அந்த நொடியில சுவிட்சை அழுத்தணும்.

முதல் தடவை நான் அவசரப்பட்டுட்டேன். 'டங்'னு ஒரு சத்தம், பிரேக்கர் விழுந்துச்சு, லேப்ல இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தாங்க. அவ்வ்வ்வ். ரெண்டாவது தடவை பொறுமையா இருந்து இருட்டுல அழுத்தினேன். சத்தமே இல்ல. ரெண்டு மெஷினும் ஒண்ணாயிடுச்சு. அதுக்கப்புறம் ஒண்ணு முந்தப் பார்த்தா அதும் மேல சுமை கூடி வேகத்தைக் குறைக்கும். ஒண்ணு பின்தங்கினா மத்தது இழுத்துட்டு வரும். கவனிச்சீங்களா, இது தேர் வடம்!

நீலகிரியில இருந்து வந்த வடம்

நம்ம ஊருக்கு இந்த வடத்தோட முதல் நூல் நீலகிரியில இருந்து வந்துச்சு. சென்னை மாகாண அரசு 1929-ல பைக்காரா நீர்மின் திட்டத்தை ஆரம்பிச்சுது. 3,000 அடிக்கு மேல உயரத்துல இருந்து தண்ணியைக் குழாய்ல இறக்கி சிங்காராவுல டர்பைனைச் சுத்த வெச்சாங்க. 1932-ல அந்தக் கரண்ட் கோயமுத்தூருக்கு வந்துச்சு. 1930-கள்ல கோவையைச் சுத்தி மில்லுகள் வரிசையா முளைச்சதுக்கு அது ஒரு பெரிய காரணம். நிலக்கரி கிடைக்காத ஊருல தண்ணி விழற வேகத்துல நூல் நூத்தாங்க. நெசவு இருந்த இடத்துக்கு விசைத்தறி வந்ததும், சோமனூர், பல்லடம், கருமத்தம்பட்டின்னு தறிச் சத்தம் பரவினதும் இந்தக் கரண்ட்டை நம்பித்தான்.

1937-ல மேட்டூர் மின் நிலையம், 1944-ல பாபநாசம். தனித்தனியா இருந்த இதுங்க ஒவ்வொண்ணா ஒரே வலையில இணைஞ்சுது. அப்படி இணையறதுன்னா என்ன? சிங்காராவுல சுத்தற சக்கரமும் மேட்டூர்ல சுத்தற சக்கரமும், பல மைல் தள்ளி இருந்தாலும், ஒரே தாளத்துல சுத்தறதுன்னு அர்த்தம். கண்ணுக்குத் தெரியற கயிறு எதுவும் கிடையாது. நடுவுல இருக்கறது வெறும் கம்பி.

இந்தத் தாளம் இறங்கினா நம்ம ஊர்ல என்ன ஆகும்னு அப்பாவைக் கேட்டா சொல்வார். "அப்பெல்லாம் சாயங்காலமானா தறி சோம்பல் முறிக்கும்." தேவை அதிகமாகி உற்பத்தி பத்தலைன்னா மொத்த வலையோட வேகமும் இறங்கும். 2003-க்கு முன்னாடி தென்னிந்தியாவுல 50 இருக்க வேண்டிய ஃப்ரீக்வன்சி 49-க்குக் கீழே எல்லாம் போயிருக்கு. 48-ன்னா மோட்டார் நூத்துக்கு நாலு பங்கு மெதுவா ஓடும். ஷிஃப்டுக்கு 100 மீட்டர் ஓட வேண்டியது 96 தான் ஓடும். கூலி மீட்டர் கணக்குல வர்ற வீட்டுல அந்த நாலு மீட்டர் யாரோட நாலு மீட்டர்னு சொல்ல வேண்டியதில்ல.

மைக் செட் அண்ணனோட உருளை

அந்தக் கரண்ட்டோட சந்தோஷமான பக்கம் மாரியம்மன் நோம்பி. எனக்கு வெவரம் தெரிஞ்ச காலத்துல எல்ஈடி இன்னும் முழுசா வரல. சீரியல் செட் தான். 6 வோல்ட் குட்டி பல்பு 38-ஐ வரிசையா கோத்தா 230 வோல்ட்டுக்குச் சரியா வரும், அவ்வளவுதான் கணக்கு. ஒண்ணு போனா மொத்த சரமும் போச்சு. மின்னற செட்டுல ஒரு பல்புக்குள்ள மட்டும் சின்னதா ஒரு ஈருலோகப் பட்டை இருக்கும். சூடானா வளைஞ்சு கரண்ட்டை வெட்டும், ஆறினா சேர்க்கும். ஒவ்வொரு சரமும் அதது இஷ்டத்துக்கு மின்னும்.

ஆனா கோயில் முன்னாடி நிக்கற பெரிய போர்டுல மட்டும் அம்மன் சிரிப்பா, மயில் தோகை விரிக்கும், சக்கரம் சுத்தும். அது எப்படி? ஒரு நோம்பியில மைக் செட் அண்ணன் போர்டுக்குப் பின்னாடி கூட்டிட்டுப் போய்க் காட்டினார். சின்ன மோட்டார், அதுல மெதுவா சுத்தற ஒரு உருளை, உருளை மேல அங்கங்க வெட்டி ஒட்டின தகடு. மேல வரிசையா தொடற கம்பிகள். தகடு வர்ற இடத்துல கம்பி தொட்டா அந்த சரம் எரியும், தகடு இல்லாத இடத்துல அணையும். டப் டப் டப்னு நீலப் பொறி பறக்கும்.

பார்த்த உடனே எனக்கு ஜக்கார்டு தான் ஞாபகம் வந்துச்சு. 1804-ல பிரான்சுல ஜோசப் மாரி ஜக்கார்டு செஞ்ச அந்தத் தறி இணைப்புல அட்டையில ஓட்டை இருந்தா பாவு நூல் ஏறும், இல்லேன்னா ஏறாது. இங்க தகடு இருந்தா பல்பு எரியும், இல்லேன்னா எரியாது. பூ போடறதும் லைட்டு போடறதும் ஒரே புரோகிராம்! மேற்கு வங்காளத்துல சந்தன்நகர் ஊரே ஜகத்தாத்ரி பூஜைக்கு இந்த மாதிரி ஓடற லைட்டு அலங்காரத்துக்குப் பேர் போன ஊரு.

இந்த உருளையும் மில்லுத் தண்டும் ஒரே சாதி தான். ஒருத்தன் சுத்துவான், மத்தவங்க கேட்டுக்கணும். மோட்டார் பெல்ட் அறுந்தா மயில் பாதித் தோகையோட நிக்கும்.

இருட்டும் ஒரு வடம் தான்

2012-ஐ எங்க பக்கத்து ஆளுங்க யாரும் மறக்க மாட்டாங்க. சென்னையைத் தவிர்த்த தமிழ்நாட்டுல ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கும் மேல கரண்ட் கட். நான் பத்தாவது முடிச்சு பதினொண்ணுல இருந்தேன். கரண்ட் வர்ற நேரத்துக்குத் தறியோட்டறவங்க எழுந்து ஓடுவாங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு வந்தாலும் ஓடுவாங்க. பாவு இருக்கு, தார் இருக்கு, ஆள் இருக்கு, கரண்ட் மட்டும் இல்ல. எங்க எட்டு தறியில முதல் ரெண்டு பழைய இரும்புக்குப் போனது அந்த வருஷம் தான்.

அதே 2012 ஜூலை 30, 31 தேதிகள்ல வட இந்தியா இருண்டு போச்சு. 31-ஆம் தேதி வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூணு வலையும் விழுந்து 60 கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழற பகுதி இருட்டுல. தென்னிந்தியா தப்பிச்சுது. காரணம் என்னன்னா, நாம அந்த வடத்துலயே இல்ல. தெற்கு வலை தனித் தாளத்துல ஓடிட்டிருந்துச்சு. வடக்குல இருந்து கரண்ட் வரும், ஆனா தால்ச்சர் - கோலார் மாதிரியான டிசி வழியா. ஏசியை டிசியாக்கி அனுப்பி, இந்தப் பக்கம் மறுபடி ஏசியாக்கிக்கறது. டிசியில அலையே இல்ல. அதனால ரெண்டு பக்கமும் ஒரே தாளத்துல இருக்கணும்னு அவசியமும் இல்ல.

வடத்துல கை வெச்சா பலமும் பங்கு, ஆபத்தும் பங்கு. தெரிஞ்சே தான் தெற்கு வலையும் கை வெச்சுது. 2013 டிசம்பர் 31 ராத்திரி, கர்நாடகாவோட ராய்ச்சூருக்கும் மகாராஷ்டிராவோட சோலாப்பூருக்கும் நடுவுல இருந்த 765 கிலோவோல்ட் லைன் வழியா தெற்கு வலையும் மத்த இந்தியாவும் இணைஞ்சுது. அன்னிக்கு ராத்திரி நான் பிளஸ் டூ பரீட்சைக்குப் படிச்சிட்டு இருந்தேன். எங்க வீட்டு டியூப்லைட் இமயமலை அடிவாரத்துல சுத்தற டர்பைனோட ஒரே தாளத்துக்கு வந்தது எனக்குத் தெரியவே இல்ல. நாலு வருஷம் கழிச்சு லேப்ல மூணு பல்பு முன்னாடி நின்னப்ப தான் அந்த ராத்திரியோட அளவு புரிஞ்சுது. லைட்டு கொஞ்சமும் துடிக்கலைன்னா வேலை ஒழுங்கா நடந்திருக்குன்னு அர்த்தம்.

அந்த வடத்தைப் பிடிச்சு ஆட்டிப் பார்த்த ஒரு நாளும் உண்டு. 2020 ஏப்ரல் 5, ராத்திரி 9 மணி, 9 நிமிஷம். லாக்டவுன்ல நாடே ஒரே நேரத்துல லைட்டை அணைச்சுது. வீட்டு லைட்டுகளை ஒத்திசைக்கறதுல இதை விடப் பெரிய சம்பவம் எனக்குத் தெரிஞ்சு கிடையாது. 12,000-லிருந்து 14,000 மெகாவாட் குறையும்னு எதிர்பார்த்தாங்க. குறைஞ்சது 31,000 மெகாவாட்டுக்கு மேல! சுமை திடீர்னு குறைஞ்சா சக்கரங்கள் எல்லாம் வேகம் எடுக்கும். நீர்மின் நிலையங்கள் சில நிமிஷத்துல 17,000 மெகாவாட்டுக்கு மேல உற்பத்தியைக் குறைச்சு, மறுபடி ஏத்திச்சு. ஃப்ரீக்வன்சி 49.7-க்கும் 50.26-க்கும் நடுவுலயே நின்னுச்சு. எங்க வீட்டுல அம்மா அகல் விளக்கு வெச்சாங்க. அப்பா மட்டும், "ஃபேனை அமத்தாதடா, எல்லாத்தையும் ஒண்ணா அமத்தினா அங்க இருக்கறவன் பாவம்"னார். எவ்வளவு பெரிய இஞ்சினியர் பாருங்க.

மறுபடியும் கல்யாண வீடு

சரி, என் மூணு சுருளுக்கு வருவோம்.

1962-ல நிக் ஹோலோன்யாக் சிவப்பு எல்ஈடி செஞ்சார். நீலம் பிரகாசமா வர 1993 வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்துச்சு. அதுக்கு அகாசாகி, அமானோ, நாகமுரா மூணு பேருக்கும் 2014-ல நோபல் பரிசு கிடைச்சுது. எல்ஈடி ஓடறது டிசியில. அடாப்டர் ஏசியை டிசியாக்கின உடனே அந்த 50 துடிப்பும் காணாமப் போயிடுது. தால்ச்சர் - கோலார் கதை தான், ஆனா கைக்கடக்கமா. அப்புறம் கன்ட்ரோலர்ல இருக்கற சின்னச் சில்லோட சொந்தக் கடிகாரம் தான் கதி. விலை மலிவான கன்ட்ரோலர்ல அது நூத்துக்கு ஒண்ணு வரைக்கும் தாராளமா பிசகும். நூறு செகண்டுல ஒரு செகண்ட் பிசகு. ரெண்டு செகண்டுக்கு ஒரு தடவை மின்னற டிசைன்ல ஒரு செகண்ட் பிசகினா நேரெதிர்! ஒரே சுவிட்சுல போட்டும் ரெண்டு நிமிஷத்துக்குள்ள ஏன் குழம்புச்சுன்னு இப்ப புரியுதுங்களா?

முதல்ல தண்டு வழியில போனேன். சில நூறு ரூபா வைஃபை போர்டு மூணு வாங்கி, டபிள்யூஎல்இடிங்கற இலவச மென்பொருளை ஏத்தினேன். அதுல ஒரு போர்டு தலைவன். இப்ப என்ன மின்னறோம், எந்த இடத்துல இருக்கோம்னு அது வீட்டு வைஃபையில கூவும், மத்த ரெண்டும் கேட்டு அப்படியே பண்ணும். முகப்பும் பந்தலும் கச்சிதமா சேர்ந்துச்சு. குடோன் மட்டும் அடிக்கடி கோட்டை விட்டுச்சு. சுவர் கனம், சிக்னல் போய்ச் சேரல. தலைவன் சொல்றது காதுல விழலைன்னா தொண்டன் என்ன பண்ணுவான்?

அதனால நானே ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். யாரும் யாருக்கும் கட்டளை போடறதில்ல. மூணு போர்டும் இணையத்துல இருந்து சரியான நேரத்தை மட்டும் வாங்கிக்கும். இதுக்கான வழிமுறையை டேவிட் மில்ஸ் 1985-லயே எழுதி வெச்சுட்டார். 2024-ல காலமான அந்த மனுஷனுக்கு ஒரு கும்பிடு. நேரம் கிடைச்சதும் அதை ரெண்டால வகுத்து மீதியைப் பார்த்து, இப்ப எரியணுமா அணையணுமான்னு ஒவ்வொரு போர்டும் தானே முடிவு பண்ணிக்கும். நடுவுல சிக்னல் போனாலும் பரவாயில்ல. அதுல இருக்கற படிகக் கடிகாரம் பத்து லட்சத்துல 50 பங்கு பிசகினாக்கூட ஒரு மணி நேரத்துக்கு 0.18 செகண்ட் தான். அடுத்த தடவை நேரம் கேட்கற வரைக்கும் தாங்கும்.

மூணும் சேர்ந்துச்சு. கல்யாணத்துக்கு முந்தின நாள் ராத்திரி வரைக்கும் பிரியவே இல்ல.

அன்னிக்கு ராத்திரி எல்லாரும் படுத்த பின்னாடி அப்பாவும் நானும் வாசல்ல உக்காந்திருந்தோம். வீடு, பந்தல், குடோன் மூணும் ஒண்ணா மின்னிட்டு இருந்துச்சு. உள்ள தறி ஓடல. கல்யாணத்துக்காக நிறுத்தினதுன்னு சொல்லிக்கலாம். நிஜத்துல எட்டுல இப்ப மிச்சம் நாலு. அதுல ரெண்டுக்குப் பாவு வந்து மாசக்கணக்காச்சு.

"எல்லாம் ஒண்ணா மின்னுது. எப்படிடா பண்ணினே?"ன்னு கேட்டார். தண்டு, வடம்னு நான் மேல சொன்ன கதையெல்லாம் சொன்னேன். கேட்டுட்டு கொஞ்ச நேரம் கழிச்சு, "நாங்களும் ஒரு தடவை அப்படி சேர்ந்தோம்"னார்.

2022 ஜனவரியைச் சொல்றார். கூலி உயர்வு கேட்டு கோவை, திருப்பூர் மாவட்டத்துல கூலிக்கு நெய்யற விசைத்தறிகள் வாரக்கணக்கா நின்னுச்சு. ஊரே சத்தமில்லாம கிடந்துச்சு. நான் போன் பண்ணினப்ப பின்னாடி தறிச் சத்தம் இல்லாம அப்பா குரல் வேற யாரோ பேசற மாதிரி கேட்டுச்சு. யாரும் மெயின் சுவிட்சை அணைக்கல. கரண்ட் இருந்துச்சு. அவங்கவங்க குடோன்ல அவங்கவங்க சுவிட்சை அவங்களே அணைச்சாங்க. ஒவ்வொருத்தனுக்கும் கடன் இருந்துச்சு. ஒருத்தன் மட்டும் ராத்திரியில ஓட்டியிருந்தாக்கூட நாலு காசு பார்த்திருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரன் பொறுத்துக்கறான்னு இவன் பொறுத்தான், இவனைப் பார்த்து அவன்.

"அதுவும் வடம் தானுங்கப்பா"ன்னேன்.

"வடம் தான். ஆனா கை வலிச்சுது"ன்னார்.

அதுக்கு மேல எனக்குப் பதில் தெரியல. உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க.

டிஸ்கி: கல்யாணம் முடிஞ்சு முகப்பு, பந்தல் லைட்டெல்லாம் கழட்டியாச்சு. குடோன் சுருளை மட்டும் அப்பா கழட்ட விடல. மின்னறதை நிறுத்திட்டு சும்மா எரியற மாதிரி மாத்திக் குடுக்கச் சொன்னார். இப்ப அது தனியாத்தான் எரியுது. யாரோடவும் சிங்க் பண்ண வேண்டிய அவசியம் இல்ல.